நோயாளியின் அருகே சில மாதங்கள்

அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு பெரும்பாலும் நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பிறகே தொடங்குகிறது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வின் மதிப்பெண் மட்டும் இடம் வாங்கித் தராது. நோயாளிகளோடு மாணவர் பழகிய அனுபவத்தையும் கல்லூரிகள் பார்க்கின்றன.

மருத்துவரின் கூடவே இருந்து கவனிப்பது எளிய வழி. ஆனால் அதில் மாணவர் வெறும் பார்வையாளர். ஆம்புலன்ஸ் அவசர உதவியாளர், செவிலியர் உதவியாளர் போன்ற பணிகளில் பொறுப்பு அதிகம். பயிற்சியும் சான்றிதழும் தேவை. ஸ்கிரைப் எனப்படும் குறிப்பெழுதுநர், மருத்துவர் நோயாளியிடம் பேசும்போதே விவரங்களைக் கணினியில் பதிவு செய்கிறார். அறிகுறியிலிருந்து நோயை மருத்துவர் எப்படிக் கண்டறிகிறார் என்பது குறிப்பெழுதுநருக்குக் கண்ணெதிரே தெரியும்.

ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பில் செய்யும் தொண்டு இவற்றிலிருந்து வேறுபட்டது. வாழ்வின் கடைசி நாள்களில் இருப்பவர் அருகே உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்பதே பெரும்பாலும் வேலை. குணமாக்க முடியாதவருக்கும் செய்ய எவ்வளவோ உண்டு என்பதை இதைவிட நன்றாக எதுவும் கற்றுத்தராது.

எம்.டி. பட்டம் தரும் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை குறிப்பிடலாம். அவற்றில் மூன்றை மட்டுமே விரிவாக எழுதலாம். ஆகவே பல இடங்களில் தலைகாட்டுவதைவிட ஓரிடத்தில் மாதக்கணக்கில் நிலைப்பது நல்லது. அந்த அனுபவத்தை எழுதும்போது நோயாளியை அடையாளம் காட்டும் எந்த விவரமும் இடம்பெறக் கூடாது.