உள்ளூர் வணிகருக்கு ஒரு கடிதம்

ஆரணியிலும் வந்தவாசியிலும் கணினிப் பராமரிப்புத் தொழில் தொடங்கும் நம் இளைஞர்கள், வாடிக்கையாளரைத் தேடிக் கைப்பேசியில் விளம்பரம் அனுப்புகின்றனர். அரிசி ஆலை உரிமையாளர் அதனைப் படியாமலே அழித்துவிடுகிறார். தம் பெயரெழுதி அஞ்சலில் வரும் உறையையோ பிரித்துப் பார்க்கிறார். அப்பெயரில் எழுத்துப்பிழை இருத்தலாகாது. தமிழாசிரியன் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள், பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் குறிப்பன. எனவே, பழுதென்றால் உடனே சென்று சேரத்தக்க தொலைவிலுள்ள கடைகளை மட்டும் தேர்ந்தெடுத்தல் எளிது. நூறு கடிதங்கள் போதும்.

எழுத வேண்டியது யாது? ‘அனைத்துப் பணிகளும் செய்து தரப்படும்’ என்பதால் பயனில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தியது. ‘தங்கள் கணக்குக் கணினியில் இருப்பது அதுதானா என்று வந்து பார்த்துச் சொல்கிறேன்’ என எழுதுங்கள். அதனால் கணினி உடனே நின்றுவிடாது, பாதுகாப்புதான் நாளடைவில் குறையும் என்பதையும் அக்கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அவ்வாறு எழுதினால் வருவாய் குறையும் என்பாரும் உளர்; குறையட்டும். அச்சுறுத்திப் பெற்ற வாடிக்கையாளர், உண்மை தெரிந்த அன்றே விலகிவிடுவார்.

கடிதம் சேர்ந்த வாரத்திற்குள் நேரிற் செல்லுங்கள். ஆலையில் நெல் மூட்டை இறங்கும் வேளையில் மட்டும் போகாதீர்கள்.