என்ஜினுக்கு ஆகாத தண்ணீர்



அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், ஃபிளின்ட் நகரம். மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கிறோம்னு, குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாத்தினாங்க. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைக்கூட கலக்கல. பழைய குழாய்களிலிருந்து ஈயம் தண்ணீரில் இறங்குச்சு.

அதே வருஷம் அக்டோபர்ல, என்ஜின் பாகங்கள் அரிக்குதுன்னு ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்தத் தண்ணீரையே நிறுத்திடுச்சு. ஊருக்கு? 2015 அக்டோபர் வரை அதே தண்ணீர்தான்!

இரும்புக்குக் கிடைச்ச அக்கறை, பிள்ளைங்களுக்குக் கிடைக்க இன்னும் ஒரு வருஷம்.

இதன் வேர் அமைப்புரீதியான இனப்பாகுபாடுன்னு 2017ல மிச்சிகன் குடிமை உரிமைகள் ஆணையமே சொன்னது.

பாகுபாடு எப்பவும் வசைச்சொல்லோடு வராது. 'சிக்கனம்'னு எழுதின கோப்பாகவும் வரும். யார் தலையில சிக்கனம்னு கேளுங்க தோழர்களே!