ஓட வைப்பது கால். ஊர் சேர்ப்பது துணை!

(‘நெடும்பயணத்தில் நம்மைக் கரை சேர்ப்பது சொந்தக் காலா? கூட வரும் துணையா?’ என்ற தலைப்பில், ‘துணையே’ என்ற அணிக்காகக் கோலியனூர் மேடையில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரே போடாகப் போட்டார். “ஓடுறவனுக்குக் கால் ரெண்டுதான். துணைங்கிறது மூணாவது கால். அது தடுக்கித்தான் விடும்” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பரவாயில்லை, அடுத்த தட்டலை எனக்காக மிச்சம் வையுங்கள். (சிரிப்பு)

நூறு மீட்டர் ஓட்டத்துக்குத் துணை வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். பத்துப் பன்னிரண்டு வினாடியில் முடிகிற வேலைக்குத் துணை எதற்கு? ஆனால் இன்றைய தலைப்பு நெடும்பயணம் ஐயா! அதனால் நெடுந்தூர ஓட்டம் ஒன்றையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

வட இங்கிலாந்தில் மரமில்லாத மொட்டை மலைக்கு ‘ஃபெல்’ என்று பெயர். பின்வரிசைத் தம்பிகள் பதற வேண்டாம், ஃபெயில் இல்லை, ஃபெல்! (சிரிப்பு) அந்த மலைகளில் ஓடுவது அங்கே ஒரு விளையாட்டு. அதில் 1968-இல் தொடங்கியது ஒரு மலை மாரத்தான். இரண்டு நாள் ஓட்டம். கோடு போட்ட பாதை கிடையாது. வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழியைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். ராத்திரி மலையிலேயே தங்கல். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் தன் முதுகிலே! நடப்பது அக்டோபர் கடைசியில். குளிரும் மழையும் கைகோத்து வருகிற நேரம்.

இந்த ஓட்டத்தின் அடையாளமே, இரண்டு பேர் ஜோடியாக ஓடுவதுதான். வழியில் வருகிற ஒவ்வொரு அடையாள இடத்துக்கும் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். ஒருவர் மட்டும் முன்னால் போய் நின்றால் கணக்கில்லை. ஜோடியின் நேரம் என்பது பின்னால் வருகிறவருடைய நேரம்தான்!

அப்போது வேகமானவர் என்ன செய்வார்? திட்டுவாரா? திட்டினால் வேகம் கூடுமா? நம் வீட்டில் திட்டிப் பார்த்திருக்கிறோமே, கூடியிருக்கிறதா? (சிரிப்பு) அவர் மற்றவருடைய பையில் இருக்கிற சுமையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வார். இவர் வேகம் கொஞ்சம் குறையும், அவர் வேகம் கொஞ்சம் கூடும். இரண்டு பேர் ஒரு வேகத்துக்கு வந்துவிடுவார்கள். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? (கைதட்டல்)

தம்பி, உங்கள் கட்சிக்கே வருகிறேன். சொந்தக் கால் போதும் என்கிறீர்கள். கால் தானாக ஓடாது, புத்தி சொன்னால்தான் ஓடும். நனைந்த உடம்பில் குளிர்காற்று அடித்தால் உடம்புச் சூடு இறங்கும். 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் நடுங்கும். கை மரத்துப் போய்ச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது. பேச்சு குழறும், கால் தள்ளாடும். இதிலே கொடுமை என்ன தெரியுமா? புத்தியும் கூடவே மங்குகிறது! ‘எனக்கு ஒண்ணுமில்லே, போலாம் போலாம்’ என்பான். இன்னும் முற்றினால் நடுக்கமே நின்றுவிடும். அவன் சரியாகிவிட்டது என்று நினைப்பான். அது சரியாவதில்லை ஐயா, சாவு நெருங்குவது!

தன் புத்தி மங்குவதைத் தன் புத்தியாலேயே கண்டுபிடிக்க முடியுமா? பக்கத்தில் ஓடுகிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘என்னடா, பேச்சு குழறுது? நில்லு. ஈரத்தைக் கழட்டு. கூடாரத்தைப் போடு. இனிப்பா ஏதாவது தின்னு’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். (கைதட்டல்)

2008 அக்டோபர் 25. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் இதே ஓட்டம். சுமார் 2,500 பேர். புயல்காற்றும் பேய்மழையும் பிடித்துக்கொண்டன. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது நம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அதைக் கண்ட உங்களுக்கு மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். அங்கே மழையோடு குளிரும் சேர்ந்தது, இடமோ மலை உச்சி. முதல் நாளே போட்டியை நிறுத்திவிட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் காணவில்லை என்று செய்தி பரவியது. விடிந்து பார்த்தால், அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள்! பல நூறு பேர் ஹானிஸ்டர் என்ற இடத்தில் கற்பலகைச் சுரங்கத்தில் ஒதுங்கியிருந்தார்கள். பலர் மலையிலேயே கூடாரம் போட்டு ராவைக் கழித்திருந்தார்கள். முதுகில் கூடாரம் இருந்தது. பக்கத்தில் ஆள் இருந்தது. தனியாக ஓடும் காலுக்கு இந்த இரண்டாவது சொத்து உண்டா?

‘துணையும் முட்டாளாக இருந்தால்?’ என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. அதனால்தான் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்: ‘நம்மில் யார் திரும்பலாம் என்று சொன்னாலும் மற்றவர் வாதாடக் கூடாது.’ சொல்ல ஒரு வாய் மட்டும் போதாது. கேட்க ஒரு காதும் வேண்டும். அந்தக் காது இல்லாதவனுக்கு ஆயிரம் பேர் கூட ஓடினாலும் அவன் தனி ஆள்தான்!

மார்கழிக் குளிரில் நானும் என் வீட்டம்மாவும் திருவண்ணாமலை கிரிவலம் போவோம். 14 கிலோமீட்டர். நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவேன். அவர்கள் ‘உம்’ கொட்டுவார்கள். கேட்கிறார்களா என்பது வேறு விஷயம். (சிரிப்பு) ஒருமுறை நான் கொஞ்ச தூரம் வாய் திறக்கவில்லை. சட்டென்று நின்று, “என்னங்க, பேச்சையே காணோம்? உக்காருங்க மொதல்ல” என்று ஒரு சூடான டீயை வாங்கிக் கையில் கொடுத்தார்கள். நான் தள்ளாடியது எனக்குத் தெரியவில்லை. என் மௌனம் அவர்களுக்குக் கேட்டது! (பலத்த கைதட்டல்)

கடைசியாக ஒன்று. பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த மண் இது. பாரதத்தின் முடிவில் பாண்டவர் பனிமலை ஏறுகிறார்கள். ஒவ்வொருவராக விழ, தருமர் திரும்பிப் பாராமல் நடக்கிறார். ‘பார்த்தீர்களா, சொந்தக் கால்!’ என்று எதிரணி துள்ளலாம். முழுக்கதையையும் சொல்லுங்கள் தம்பி. உச்சியில் இந்திரன் தேரோடு வந்து ஏறச் சொல்கிறான். கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டு ஏற மாட்டேன் என்று நின்றாரே, அங்கேதானே அவர் தருமர் ஆனார்! சொர்க்கமே கிடைத்தாலும் துணையைக் கழற்றிவிட்டு ஏறக் கூடாது என்றது இந்த மண்ணின் கதை.

ஆகவே நடுவர் அவர்களே, ஓட வைப்பது கால்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்லி நம்மை உயிரோடு ஊர் சேர்ப்பது துணையே, துணையே என்று தீர்ப்பளிக்க வேண்டி, விடைபெறுகிறேன்.