அரசியின் கைச் செபநூல்

நூலொன்றின் மதிப்பை அதன் பருமனைக் கொண்டும், அதிற் பூசிய பொன்னைக் கொண்டும் அளந்துவிட எண்ணுவோர் உளர். அவ்வளவுகோலுக்கு அடங்காத சிறு நூலொன்று இன்று நியூ யோர்க் நகரிலே பேணப்படுகின்றது. அந்நகரின் மெத்ரோபொலித்தன் நூதனசாலையைச் சார்ந்ததும், ஐரோப்பாவின் மத்தியகாலக் கலைப்பொருள்களுக்கென அமைந்ததுமான குளொய்ஸ்ரேர்ஸ் என்னும் மனையே அதன் இருப்பிடம். நூலின் உயரம் 9.2 சென்ரிமீற்றர், அகலம் 6.2 சென்ரிமீற்றர். விளையாட்டுச் சீட்டொன்றின் அளவே அதன் பக்கத்தின் அளவும் என்னலாம். ஆயினும் அதனுள்ளே 209 தோலிதழ்களும், 25 முழுப்பக்க ஓவியங்களும், ஏறக்குறைய 700 ஓரச் சித்திரங்களும் அடங்கியுள்ளன. பிரான்சு தேசத்தின் அரசியாய் விளங்கிய ழன் தெவ்ரோ என்பாளின் செபநூல் இது.

நான்காம் சாள்ஸ் மன்னனின் மூன்றாம் மனைவி ழன். இந்நூல் 1324ஆம் ஆண்டுக்கும் 1328ஆம் ஆண்டுக்கும் இடையில், மன்னனின் கட்டளைப்படி அவளுக்கென ஆக்கப்பட்டது. ஓவியங்களை வரைந்தவன் பாரிசு நகரத்துக் கலைஞனான ழான் புசெல்.

இவ்வகை நூல்களை "மணிவேளைச் செபநூல்கள்" என்று குறிப்பிடலாம். இரவும் பகலும் எட்டு வேளைகளிற் செபிப்பது துறவு மடங்களின் ஒழுங்கு. இல்லறத்தார் அவ்வொழுங்கைத் தமக்கியன்ற அளவிற் பின்பற்ற விரும்பியபோது, அவர்களுக்கென அச்செபங்கள் சுருக்கித் தொகுக்கப்பட்டன. கோயிலிலே பீடத்தின்மேல் வைத்துப் பலர் கேட்க ஓதும் நூல் பெரிதாயிருத்தல் வேண்டும். தனியறையிலே ஒருத்தி தன் கையில் ஏந்தி வாசிக்கும் நூலோ சிறிதாயிருத்தலே பொருத்தம். ஆகவே இந்நூலின் சிறுமை அதன் பயனிலிருந்தே பிறந்தது.

அக்காலத்திலே நூல் ஆக்குவது பல கைகளின் கூட்டு முயற்சி. விலங்கின் தோலைச் சுண்ண நீரில் ஊறவைத்து, மயிரை நீக்கி, மரச்சட்டத்திலே இழுத்துக் கட்டி, பிறைவடிவான கத்தியாற் சுரண்டிச் சுரண்டி மென்மையாக்கினர். இவ்வாறு பெற்ற தோலே அவர்களுடைய தாள். 209 இதழ்களைக் கொண்ட நூல் உள்ளங்கையில் அடங்க வேண்டுமாயின், தோல் எவ்வளவு மெல்லியதாய் இருந்திருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அத்தகைய தோலிலே கோடிட்டு, செபங்களை இலத்தீன் மொழியிலே எழுதிய பின்னர், விடப்பட்ட இடங்களிலே ஓவியன் தன் பணியைத் தொடங்கினான்.

அரசர்க்கு நூல் எழுதுவோர் பொன்னையும், ஆப்கானித்தான மலைகளில் எடுக்கப்பட்ட நீலக்கல்லை அரைத்துப் பெற்ற விலையுயர்ந்த நீலத்தையும் தாராளமாய்ப் பயன்படுத்திய காலம் அது. புசெலோ தன் மாந்தரைச் சாம்பல் நிறத்திலேயே வரைந்தான். நுண்ணிய எழுதுகோலாலும் தூரிகையாலும் கருமையை மெல்ல மெல்ல இளக்கி, ஒளியையும் நிழலையும் மட்டும் கொண்டு உருவங்களை எழுப்பினான். முகங்களிலும் பின்னணியிலும் நிறம் இலேசாகத் தொட்டுக் காட்டப்பட்டிருக்கின்றது. அதனால் அவ்வுருவங்கள் தோலிலே தீட்டப்பட்டவை போலன்றி, தந்தத்திலோ கல்லிலோ செதுக்கப்பட்டவை போலத் தோன்றுகின்றன. வண்ணத்தின் உதவியை விலக்கியவனுக்குக் கைத்திறனன்றி வேறு துணை இல்லை. ஆடை மடிப்பிற் கோடொன்று தவறினும் அதனை மறைத்தற்குச் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. மன்னன் அரசிக்கு அளித்த இந்நூலிலே செல்வம் தங்கியிருப்பது பொருளிலன்று, உழைப்பிலே என்பது இதனால் விளங்கும்.

ஓவியங்களின் ஒழுங்கும் நோக்கத்தக்கது. விரித்த இரு பக்கங்களில் ஒன்றிலே இயேசுநாதரின் பாடுகளும், அதற்கெதிரே அவருடைய பிறப்பையும் குழந்தைப் பருவத்தையும் சார்ந்த காட்சிகளும் அமைந்துள்ளன. வானதூதர் கன்னி மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சிக்கு எதிரே, யூதாசு முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கும் காட்சி இருக்கின்றது. மூவரசர் குழந்தையை வணங்கும் காட்சிக்கு எதிரே சிலுவை நிற்கின்றது. வாசிப்பவள் மகிழ்ச்சியைக் காணும்போதே துயரத்தையும் காண்கிறாள். தொட்டிலைப் பார்க்கும் கண் கல்லறையையும் மறக்க முடிவதில்லை.

மங்கள வார்த்தைக் காட்சியிலே கன்னி மரியாள் நிற்கும் சிறு மனை முன்புறம் திறந்து, உள்ளே ஆழமுடையதாய்க் காட்டப்பட்டிருக்கின்றது. சுவருக்குப் பின்னே வெளி இருப்பதுபோல் வரையும் இம்முறை அந்நாளிலே பிரான்சுக்குப் புதியது. இத்தாலியிலே, சியென்னா நகரப் பேராலயத்துக்கென துச்சியோ என்னும் ஓவியன் 1311ஆம் ஆண்டில் முடித்த பெரும் பலிபீட ஓவியத்தின் சாயலை அறிஞர் இங்கே காண்கின்றனர். ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஓவியத்திலே கற்ற பாடத்தைப் புசெல் இரண்டு விரல் அகலத்தினுள் அடக்கிவிட்டான்.

அப்பக்கத்தின் முதலெழுத்துக்குள்ளே ஒரு பெண் முழந்தாளிட்டு, கையில் விரித்த நூலுடன் இருக்கிறாள். அவள் அரசி ழன்னே. நூலைத் திறந்த அரசி, அந்நூலுள்ளே தானும் நூலொன்றை வாசித்துக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பாள். பக்கத்தின் அடியிலோ, ஒருவரை நடுவே இருத்தி மற்றையோர் தட்டி விளையாடும் விளையாட்டு நடக்கின்றது. எதிர்ப் பக்கத்தின் அடியிலே, ஆட்டுக்கடாக்களின்மேல் ஏறிய இருவர் பீப்பாவொன்றை ஈட்டியாற் குத்திப் போர் பயில்கின்றனர். செபநூலில் இவை எதற்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பே. நடுவிருப்பவனை அடிக்கும் விளையாட்டு, இயேசுநாதரைச் சேவகர் கண்ணைக் கட்டி அடித்து எள்ளியதை நினைவூட்டுவது என்பர் சிலர். நகைப்புக்கும் பக்திக்கும் இடையே இன்று நாம் எழுப்பும் மதிலை அக்காலத்தவர் எழுப்பவில்லை என்பதும் கருதத்தக்கது.

இந்நூலின் மற்றொரு பகுதி பிரான்சு மன்னனாய் வாழ்ந்து, 1297ஆம் ஆண்டிலே புனிதராய்ப் பிரகடனஞ் செய்யப்பட்ட ஒன்பதாம் லூயியைப் பற்றியது. சாள்சுக்கும் ழன்னுக்கும் அவர் ஒருங்கே கொள்ளுப்பாட்டனார். அவர் நோயாளிக்கு உணவூட்டுவதும், ஏழைகளின் பாதங்களைக் கழுவுவதும் இங்கே சித்திரிக்கப்பட்டுள்ளன. எகிப்திலே சிறைப்பட்டிருந்த அவரிடம், இழந்த செபநூலைப் புறாவொன்று கொண்டுவந்து சேர்த்ததாகக் கூறும் ஐதிகமும் ஓவியமாய் இருக்கின்றது. அரச குலத்திற் புகுந்த இளம் பெண்ணுக்கு அக்குலத்தின் உயர்ந்த மாதிரியை நாள்தோறும் காட்டிநின்றன இப்பக்கங்கள்.

அக்குலமோ நீடிக்கவில்லை. 1328ஆம் ஆண்டு பெப்ருவரியிலே சாள்ஸ் இறந்தபோது ழன் கருவுற்றிருந்தாள். பிறக்கப்போவது ஆணாயின் அதுவே அடுத்த அரசன் என்று நாடு காத்திருந்தது. பிறந்தது பெண். ஆட்சி வலுவா குலத்துப் பிலிப்பிடம் சென்றது. இங்கிலாந்து மன்னனும் அம்முடிக்கு உரிமை கோரினான்; 1337ஆம் ஆண்டிலே தொடங்கிய நூற்றாண்டுப் போரின் காரணங்களுள் இவ்வழக்கும் ஒன்று. ழன் மறுமணம் செய்யாது 43 ஆண்டுகள் கைம்பெண்ணாய் வாழ்ந்து 1371இலே மறைந்தாள். முடி போயிற்று, நூல் போகவில்லை. தன் மரணசாதனத்திலே அவள் இதனை ஐந்தாம் சாள்ஸ் மன்னனுக்கு விட்டுச் சென்றாள். அதிலே இந்நூலை மிகச் சிறிய செபநூல் என்றும், சாள்ஸ் மன்னன் தனக்காகச் செய்வித்தது என்றும், புசெல் ஓவியந் தீட்டியது என்றும் குறித்திருக்கிறாள். நூலோவியம் வரைந்தோரின் பெயர் பெரும்பாலும் மறைந்துபோன அக்காலத்திலே, அரசியொருத்தி ஓவியன் பெயரை நினைந்து எழுதுவித்தது சிறிய செயலன்று. இந்நூல் புசெலின் கைவண்ணம் என்று இன்று கூறுதற்கு ஆதாரமாய் நிற்பதும் அக்குறிப்பே.

அதன்பின் நூல், ஐந்தாம் சாள்சின் உடன்பிறந்தானும் நூல் சேர்ப்பதிற் பெயர்பெற்றவனுமாகிய பெரி நாட்டுக் கோமகன் ழானிடம் சேர்ந்தது. அவன் 1416இல் இறந்தான். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அது றொத்சைல்ட் குடும்பத்தாரின் உடைமையாயிற்று. இரண்டாம் உலகப் போரிலே பிரான்சைக் கைப்பற்றிய நாசிகள் அதனைக் கவர்ந்து சென்றனர். போர் முடிந்தபின் அது மீட்கப்பட்டு உரியவரிடம் சேர்ந்தது. 1954ஆம் ஆண்டிலே நூதனசாலை அதனை விலைக்கு வாங்கியது.

ஓர் இளம் அரசியின் தனிச் செபத்துக்கென எழுதிய நூலை இன்று கண்ணாடிப் பேழையின் முன்னே பல்லாயிரவர் வந்து காண்கின்றனர். ஆனால் அதன் அருமையை முழுதும் உணர்ந்தவள் அவ்வொருத்தியே என்னலாம். நிற்பவர்க்குப் பேழையிலே விரித்த இரு பக்கங்களே தெரியும். அவளோ விளக்கொளியிலே முகத்தருகே பிடித்து, இதழ் இதழாய்ப் புரட்டி, ஓரத்திலே ஒளிந்திருக்கும் சிற்றுருவங்களை ஒவ்வொன்றாய்க் கண்டெடுத்திருப்பாள். அவ்வளவு அண்மையில் வைத்துப் பார்ப்பவர்க்கென்றே புசெல் தன் தூரிகையைக் கூர்மையாக்கினான்.