மாதந்தோறும் மருந்து வாங்கும் கடை

மாணவ நேயர்களே, வீட்டில் முதியோர் ஒருவர் இருப்பாராயின், மருந்துச் சீட்டையும் பணத்தையும் பெற்றுக்கொண்டு கடைக்குச் செல்லும் பணி பெரும்பாலும் உங்களைத்தான் வந்து சேரும். காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை வாங்குவது ஒன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, தைராய்டுக் குறை ஆகியவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் மாதந்தோறும் வாங்குவது மற்றொன்று. பின்னதற்குக் கடையைத் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். ஏன் என்பதற்கு என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன்.

என் தாயார் நாள்தோறும் 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை ஒன்று உட்கொண்டு வந்தார்கள். ஒரு முறை, கூட்டம் மிகுந்த கடை ஒன்றில் நானே சென்று வாங்கினேன். சீட்டை நீட்டினேன், கடைப்பையன் புட்டியைப் பையிலிட்டான், பணம் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த விரைவை மெச்சிக்கொண்டே வீடு திரும்பினேன். சில வாரங்களில் தாயாருக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, இரவில் உறக்கம் ஒழிந்தது. முதுமையின் தளர்ச்சி என்றே எண்ணினோம். மருத்துவர்தாம் புட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் 100 என்று அச்சிட்டிருந்தது. பெயர் அதே பெயர். அளவு மட்டும் இரு மடங்கு. மாற்றிக் கொடுத்தது கடையின் பிழை. புட்டியைத் திருப்பிப் பாராதது என் பிழை.

அதன்பின் வேறு கடை தேடினேன். விளக்கொளியையும் தள்ளுபடிப் பலகையையும் நான் பார்க்கவில்லை. மருந்தாளுநர் கடையில் இருக்கின்றாரா என்று பார்த்தேன். மருத்துவரின் சீட்டுக்குப் பதிவுபெற்ற மருந்தாளுநரே மருந்து வழங்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் சட்டம். அவருடைய சான்றிதழ் சுவரில் தொங்கும். சான்றிதழுக்கு உரியவர் எங்கே என்று வினவினால், சில கடைகளில் எல்லாரும் கூரையைப் பார்க்கிறார்கள்!

மூன்றாவது கடையில் அவர் இருந்தார். சீட்டை முழுதும் படித்தார். "அம்மா இதை எப்போது சாப்பிடுகிறார்கள்?" என்று கேட்டார். காலைக் காப்பியோடு என்றேன். வெறும் வயிற்றில் நீரோடு விழுங்கி, காப்பிக்கு அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்றார். அதே சீட்டில் கால்சியம் மாத்திரையும் இருந்தது. இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையேல் தைராக்ஸின் உடலில் சேர்வது குறையும் என்று விளக்கினார். அத்தனை மாதங்களாக எங்களிடம் எவரும் அதைக் கேட்டதில்லை.

மற்றொரு மாதம், இரத்தக் கொதிப்பு மாத்திரை அவரிடம் தீர்ந்திருந்தது. "வேறு ஏதேனும் கொடுங்கள், எல்லாம் ஒன்றுதானே" என்றேன். "ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் மருத்துவரைக் கேளாமல் நான் மாற்றித் தரலாகாது, நாளை மாலை வரவழைத்துத் தருகிறேன்" என்று மறுத்துவிட்டார். சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளுக்கு விதியும் அதுவே. அந்த மறுப்புக்குப் பின்னரே அக்கடையில் எனக்கு முழு நம்பிக்கை பிறந்தது.

சிறிய செய்திகளிலும் கடையின் தரம் விளங்கும். மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது, காலாவதி நாள் அச்சிட்ட முனை பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. நம் மருந்தாளுநரோ அந்நாளையும் தொகுதி எண்ணையும் பட்டியலில் குறித்துத் தருவார். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் இருத்தல் வேண்டும்; உறையவும் கூடாது. ஆதலால், வாங்குவோரின் வீடு எவ்வளவு தொலைவு என்று கேட்டுவிட்டே அதைப் பொதிந்து கொடுப்பார். குளிர்பெட்டியில் சோடாப் புட்டிகளுக்கிடையே இன்சுலின் கிடக்கக் கண்டால், அக்கடையிலிருந்து திரும்பிவிடுங்கள்.

விலை பற்றியும் ஒரு சொல். 2008இல் நடுவண் அரசு தொடங்கிய மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும், வணிகப் பெயரின்றி மூலப் பெயரில் மருந்துகள் மலிவாகக் கிடைக்கின்றன. மாதந்தோறும் வாங்குவோர்க்கு இது பெரும் உதவி. மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு மாறுங்கள். தைராக்ஸினுக்கு அது கட்டாயம். எந்தக் கடையாயினும், கடைசி மாத்திரை தீரும்வரை காத்திராமல் ஒரு வாரம் முன்னரே செல்லுங்கள். அப்பொழுதுதான் கடைக்காரர் "நாளை வாருங்கள்" என்று சொல்ல இயலும். உங்களுக்கும் அவசரம் இராது.

இப்போது என் தாயாருக்கு மருந்து வாங்கி வருபவள் பள்ளியில் படிக்கும் என் மகள். கடையிலேயே நின்று, புட்டியைத் திருப்பி, எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பதும் உண்டு. மருந்தாளுநர் முணுமுணுப்பதில்லை. அவள் "ஐம்பது" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருந்துதான் அடுத்தவரின் சீட்டை வாங்குகிறார்.