எல்லாரும் பார்க்கக் கைமாற்றுவோம்



எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரம். தம் காலம் முடியப்போகிறது என்று அறிந்த மோசே, அங்கே தமக்காக எதுவும் கேட்கவில்லை. மக்களை நடத்த ஒருவரைத் தாரும் என்றே மன்றாடினார். உயிரோடிருக்கும்போதே, சபை முழுவதும் பார்க்க, யோசுவாவின்மேல் கைகளை வைத்தார்.

நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நோயாளிகளுக்கு உதவும் சிறு குழுக்கள் பெரும்பாலும் ஒரே அக்காவையோ அண்ணனையோ நம்பித்தான் ஓடுகின்றன. யாரை எந்தக் கிழமை கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, யார் வீட்டில் மாத்திரை தீர்ந்தது, எல்லாம் அவர் நினைவிலும் அவர் செல்போனிலும்தான். அவரே படுத்துவிட்டால் நோயாளி யாரைக் கூப்பிடுவார்?

'நான் இல்லாவிட்டால் நடக்காது' என்று சொல்வதில் நமக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பங்குக் குருக்களும் விதிவிலக்கல்ல!

அண்ணா நகர் மேற்கில் உள்ள 'ஸ்கார்ஃப்' மனநல அமைப்பை 1984இல் தொடங்கியவர் டாக்டர் சாரதா மேனன். பின்னர் டாக்டர் தாரா இயக்குநரானார். அவருக்குப்பின் டாக்டர் பத்மாவதி. இதையெல்லாம் கண்ணால் கண்ட பிறகே, 2021 டிசம்பரில், 98 வயதில் சாரதா அம்மையார் மறைந்தார். அமைப்பு நின்றுவிடவில்லை.

புதியவர் தடுமாறுவார், நம்மைவிட மெதுவாகச் செய்வார். செய்யட்டும், நாம் பக்கத்தில் இருக்கும்போதே தடுமாறட்டும். இந்த மாதக் கூட்டத்திலேயே தொலைபேசி எண்கள் எழுதிய நோட்டையும், வங்கிக் கையெழுத்தில் ஒரு பங்கையும் இளையவர் ஒருவரிடம் கொடுப்போம்.