சீனப் பீங்கான்: மெய்யும் போலியும்

பழம்பொருள் சேர்க்கத் தொடங்குவோரிற் பலர் முதன்முதல் ஏமாறுவது சீனப் பீங்கானிலேதான். நாமும் அவ்வாறே ஏமாந்தோம். மும்பையில் ஒரு பழம்பொருட் கடையில் நீலக் கொடியும், அதனிடையே இளஞ்சிவப்புப் பூக்களும் தீட்டிய கிண்ணம் ஒன்றைக் கண்டோம். அதன் அடியிலே ஆறு சீன எழுத்துகள் இருந்தன. மிங் மரபைச் சேர்ந்த செங்குவா மன்னர் காலத்தது என்று கடைக்காரர் உரைத்தார். கையிலிருந்த நூலைப் புரட்டினோம்; எழுத்துகள் அப்படியே பொருந்தின. ஒரு திங்கள் ஊதியத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வெற்றிக் களிப்போடு வீடு திரும்பினோம். அக்கிண்ணம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. சாவிக்கொத்தைப் போட்டுவைக்க உதவுகிறது.

பிழை எங்கே நேர்ந்தது? எழுத்தை நோக்கினோமே யன்றி, கலத்தை நோக்கினோமில்லை. செங்குவா ஆண்டது 1465 முதல் 1487 வரை. அந்த இளஞ்சிவப்பு வண்ணமோ சீனக் கலங்களில் 1720-ஆம் ஆண்டை ஒட்டித்தான் வழக்கத்துக்கு வந்தது. பூவைப் பார்த்திருந்தாலே போதும், இரண்டரை நூற்றாண்டு முரண்பாடு கண்ணுக்குத் தெரிந்திருக்கும். பின்னர்ப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் வில்லையை வைத்துப் பார்த்தபோது, அப்பூவின் நிறம் சின்னஞ்சிறு புள்ளிகளாகப் பிரிந்து தோன்றியது. தூரிகை தொட்ட பூவே அன்று அது. அச்சிட்டு ஒட்டிய பூ!

அரசர் பெயர் பொறித்த இம்முத்திரையைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லவேண்டும். முன்னாள் அரசரின் முத்திரையைப் பின்வந்த கலங்களில் எழுதுவது சீனக் குயவரிடையே நெடுங்கால வழக்கம். கங்சி மன்னர் 1662 முதல் 1722 வரை ஆண்டார். 1677-இல் ஜிங்தேஜென் நகர அதிகாரி, ஆளும் மன்னரின் பெயரைக் கலங்களில் எழுதலாகாது என்று தடை விதித்தார். கலம் உடைந்து குப்பையிற் கிடந்தால் மன்னர் பெயருக்கு இழுக்கு அன்றோ! ஆதலின் குயவர் மிங் காலத்து முத்திரைகளை எழுதினர்; சிலர் எழுத்தின்றி வெறும் இரட்டை வட்டம் மட்டும் வரைந்தனர். குவாங்சு மன்னர் காலத்தில், அதாவது 1875-க்கும் 1908-க்கும் இடையில், அதே கங்சியின் பெயர் தாராளமாக எழுதப்பட்டது. இவரெல்லாம் ஏமாற்றும் எண்ணத்தோடு எழுதியவர் என்று சொல்லுதற்கில்லை. முன்னோர் கலைக்குச் செய்த மரியாதை பெரும்பாலும் அது. ஏமாற்று நோக்கம் பிற்காலத்து விற்பனையாளரைச் சேர்ந்தது. முத்திரையைப் படித்துக் காலத்தை முடிவு செய்வது, வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, உள்ளே குடியிருப்பவர் இவரே என்று உறுதி கூறுவதை ஒக்கும்.

ஆங்கில எழுத்தில் ‘சைனா’ என்னும் சொல் அடியில் இருப்பின், அது பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் குறிக்க வேண்டுமென்று 1890-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியதே காரணம். அச்சொல் இல்லாமை மட்டும் பழமைக்குச் சான்றாகாது.

கலத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்து அடிவட்டத்தைப் பார்க்க வேண்டும். கவோலின் என்னும் வெண்களிமண்ணும் பீங்கான் கல்லும் கலந்து செய்த கலத்தைச் சுமார் 1300 பாகை வெப்பத்தில் சுடுவர். அப்போது கண்ணாடிப் பூச்சு உருகிச் சூளையில் ஒட்டிக்கொள்ளாதிருக்க, அடிவட்டத்தில் பூச்சை நீக்கிவிடுவது பொதுவான முறை. ஆதலின் கலத்தின் உண்மை உடல் வெளிப்படும் இடம் அதுவே. மிங் காலத்துக் கலங்கள் பலவற்றில், பூச்சு முடியும் ஓரத்தில், மண்ணிலுள்ள இரும்பால் மெல்லிய செம்மஞ்சள் நிறம் தோன்றும். போலி செய்வோர் இதனை நன்கறிவர். செந்நிறக் குழம்பைப் பூசிவிடுவர். உரியவரின் இசைவுடன் ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்க்கலாம். நிறம் பஞ்சில் ஏறினால், மேற்கொண்டு விலை கேட்கவும் வேண்டுவதில்லை.

அடுத்தது தேய்மானம். நூறாண்டு உணவு பரிமாறிய தட்டின் நடுவில் கீறல்கள் பல திசைகளிலும், ஆழமும் அகலமும் வேறுபட்டுச் செல்லும். உப்புத்தாளால் தேய்த்த கீறல்கள் ஒரே போக்கில் அணிவகுத்து நிற்கும். புதுப்பளபளப்பைப் போக்க அமிலத்தில் தோய்ப்பதும் உண்டு. அத்தகைய கலம் மேலும் கீழும், உள்ளும் புறமும் ஒரேபோல மங்கியிருக்கும். காலமோ எல்லா இடத்தையும் ஒருபடித்தாகத் தேய்ப்பதில்லை.

ஆய்வுக்கூடத்து வெப்ப ஒளிர்வுச் சோதனை, கலம் கடைசியாகச் சூடேறிய காலத்தைக் கணக்கிடும். அதற்கு உடலில் சிறு துளையிட வேண்டும். பழைய அடியின்மேல் புதிய உடலைப் பொருத்தி அச்சோதனையையும் ஏய்ப்பவர் உளர். செங்குவா காலத்துக் கோழிக் கிண்ணம் ஒன்று 2014-இல் ஹாங்காங்கில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலைபோனது என்றால், இவ்வளவு பாடுபடுவதில் வியப்பென்ன?

நூலறிவைவிடக் கையறிவே இங்குப் பெரிது. ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் சீனக் கலங்களைக் கண்ணாரக் காணலாம், தொடல் இயலாது. தொட்டுப் பழக, உடைந்த பழைய ஓடுகளே நல்லாசிரியர். ஓட்டின் முறிவில் உடலின் நிறமும் பூச்சின் கனமும் ஒருங்கே தெரியும். அவற்றைக் கிண்ணத்தில் எப்படிக் காண்பது?

தொடக்கத்தில் அரண்மனைக் கலங்களை நாடாமல், மக்கள் புழங்கிய எளிய கிண்ணங்களை வாங்குவதே தக்கது. 1822-இல் மூழ்கிய தெக்சிங் என்னும் சீனக் கப்பலிலிருந்து எடுத்த ஏறத்தாழ மூன்றரை இலட்சம் கலங்கள் 2000-இல் ஜெர்மனியில் ஏலம் விடப்பட்டன. மூழ்கிய கப்பலை இவ்வாறு விற்பனைக்காகத் துருவியதைத் தொல்லியலார் பலர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. எனினும் காலம் உறுதியாகத் தெரிந்த கலங்கள் எளியோர் கைக்கும் எட்டின. விளிம்பு உடைந்த சிறு கிண்ணம் ஒன்றை நாமும் பெற்றோம். கடல்நீர் பட்டு மங்கிய அதன் அடிவட்டத்தை விரலால் தடவிவிட்டு, மேசைமேல் இருந்த மும்பைக் கிண்ணத்தையும் எடுத்துத் தடவினோம். மணற்றாள்போல் சொரசொரத்தது. அதுகாறும் அதனை ஒருமுறையேனும் தொட்டுப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை.